அடைத்த டிரிப்பருக்குள் ஆசிட்டும் போகாது!

நீங்கள் கேட்டவை

காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் பகுதிகளிலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பல, ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயை அடைக்கிறது. அரிசி ஆலையில் பாய்லருக்குள் ஓடு கட்டுகிறது. சாயப்பட்டறையில் பட்டு நூலின் பளபளப்பைக் கெடுக்கிறது. பிரச்னை ஒன்றுதான். ஆனால், ஓர் இடத்துக்குச் சரியான வைத்தியம் இன்னோர் இடத்தில் கெடுதலாக முடியும். அதனால் அந்தக் கேள்விகளும் பதில்களும் இங்கே ஒன்றாகத் தரப்படுகின்றன.

‘‘இரண்டு வருஷத்துக்கு முன்பு மானியத்தில் சொட்டுநீர் அமைத்தேன். அரை ஏக்கரில் கத்திரி, அரை ஏக்கரில் மல்லிகை இருக்கிறது. இப்போது கடைசி வரிசைகளில் செடிகள் வாடுகின்றன. டிரிப்பர் வாயில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. ஃபில்டரை வாரம் இரண்டு முறை கழுவுகிறேன். ஆனாலும் அடைப்பு வருகிறது. என்ன காரணம்?’’

- விவசாயி, வாலாஜாபாத் ஒன்றியம்

ஃபில்டர் பிடிப்பது, தண்ணீரில் மிதந்து வரும் மண், தூசி, பாசி ஆகியவற்றைத்தான். கரைந்து வருவதை அது பிடிக்காது. சர்க்கரை கரைந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் இனிப்பு துணியில் தங்குவதில்லை. அதே கதைதான் இதுவும்.

மழை நீர் மண்ணுக்குள் இறங்கும்போது, அங்கே வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த நீர் பாறையிலும் மண்ணிலும் இருக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாகச் சுமந்து செல்கிறது. நிலத்தடியில் இருக்கும் வரை அது கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் போட்டு மேலே எடுத்த பிறகு அழுத்தம் குறைந்தாலும், வெயிலில் சூடேறினாலும், காற்றில் ஆவியானாலும் அந்த வாயு தண்ணீரை விட்டு வெளியேறுகிறது. பிடித்து வைத்திருந்த வாயு போனதும், சுண்ணாம்பு பழையபடி கல்லாக மாறிப் படிகிறது.

இதை எல்லோர் வீட்டு அடுப்பிலும் பார்க்கலாம். இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாகப் பூத்திருப்பது இதே சுண்ணாம்புதான். அந்தப் பானைத் தண்ணீரில் ஒரு துண்டு புளியோ, பிழிந்த எலுமிச்சைத் தோலோ போட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. புளிப்பு இருக்கும் தண்ணீரில் சுண்ணாம்பு படியாது. தோட்டத்தில் செய்யப்போகும் அமிலச் சிகிச்சைக்கும் அந்தப் புளித் துண்டுதான் அடிப்படை.

சொட்டுநீர் அமைப்பில் சுண்ணாம்பு படிவதற்கு வசதியான இடங்கள் மூன்று. முதலாவது, டிரிப்பர் வாய். மோட்டாரை நிறுத்தியதும் அங்கே நிற்கும் கடைசிச் சொட்டு ஆவியாகி, ஒவ்வொரு நாளும் மெல்லிய பூச்சு ஒன்றை விட்டுச் செல்கிறது. இரண்டாவது, வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாய். அதற்குள் நிற்கும் தண்ணீர் பகல் முழுவதும் சூடாகிறது. மூன்றாவது, லேட்டரலின் கடைசிப் பகுதி. அங்கே தண்ணீரின் வேகம் குறைவு என்பதால், உதிர்ந்த துகள்கள் அடித்துச் செல்லப்படாமல் தங்குகின்றன. கடைசி வரிசைச் செடிகள் முதலில் வாடுவதற்குக் காரணம் இதுதான்.

மருந்துக்கு முன்பு நோயை உறுதி செய்ய வேண்டும். அடைபட்ட டிரிப்பர் ஒன்றை எடுத்து, அந்த வெள்ளைப் படிவின் மேல் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் சில சொட்டுகள் விட்டுப் பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. செம்பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் இரும்பு. கையில் வழுவழுப்பாக ஒட்டினால் பாசி அல்லது பாக்டீரியா. சுண்ணாம்புக்குத்தான் அமிலம். வழுவழுப்புக்கு பிளீச்சிங் பவுடர். இரண்டும் வேறு வேறு சிகிச்சை.

அடைப்பு எவ்வளவு என்பதை அளக்க ஒரு லிட்டர் பாத்திரம் போதும். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பராக இருந்தால், 15 நிமிடத்தில் சரியாக 1 லிட்டர் கொட்ட வேண்டும். வயலின் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில் பாத்திரம் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். புதிதாக அமைத்தபோது இருந்த அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், அதுதான் சிகிச்சைக்கான நேரம். செடி வாடும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

காரணம் எளிமையானது. தண்ணீர் போகும் இடத்துக்குத்தான் ஆசிட்டும் போகும். பாதி அடைத்த டிரிப்பருக்குள் ஆசிட் நுழைந்து மீதியைக் கரைக்கும். முழுவதும் அடைத்த டிரிப்பருக்குள் தண்ணீரே போகாதபோது ஆசிட் எப்படிப் போகும்? குழாய்க்கு வெளியே பொருத்திய டிரிப்பராக இருந்தால் கழற்றி ஊறவைக்கலாம். குழாய்க்குள்ளேயே அமைந்த இன்லைன் டிரிப்பராக இருந்தால் அந்தக் குழாயையே மாற்ற வேண்டியதுதான். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதம், மற்றவர்களுக்கு 75 சதவிகிதம் என்று சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மானியம் கிடைக்கிறது. ஆனால், ஒரு முறை மானியம் பெற்ற நிலத்துக்கு மறுபடியும் பெற 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இரண்டாம் வருஷமே குழாயைச் சுண்ணாம்புக்குக் கொடுத்துவிட்டால், மீதி 5 வருஷம் கைக்காசுதான்.

‘‘கையில் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ் மீட்டரில் 900 காட்டுகிறது. தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. பிறகு ஏன் குழாயில் உப்பு படிகிறது? தண்ணீரை எங்கே, எப்படிப் பரிசோதனைக்குக் கொடுப்பது?’’

- வாசகர், உத்திரமேரூர்

‘உப்புத் தண்ணி’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் இது. நாக்கில் கரிப்பது சாதாரண உப்பான சோடியம் குளோரைடு. அது டிரிப்பரில் கல்லாகப் படிவதில்லை. படிவது கால்சியம், மக்னீசியம் சார்ந்த உப்புகள். அவை எவ்வளவு இருந்தாலும் நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. டி.டி.எஸ் மீட்டர் எல்லா உப்பையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்பதைச் சொல்லாது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களில் ஒன்றில் மழை நீர், இன்னொன்றில் போர் தண்ணீர் என்று பாதியளவு எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு துணி சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்க வேண்டும். மழை நீர் நன்றாக நுரைக்கும். போர் தண்ணீர் நுரைக்காமல் தயிர் திரிந்ததுபோல் திப்பி திப்பியாக மிதந்தால், அது கடினத் தண்ணீர். ஆனால், அமிலத்தின் அளவைக் கணக்கிட இது போதாது. அதற்கு ஆய்வு அறிக்கை வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்றுக்கு இடம் இல்லாமல் கழுத்து வரை நிரப்பி மூட வேண்டும். காற்று இருந்தால் வாயு வெளியேறி, ஆய்வு முடிவே மாறிவிடும். சர்வே எண், போர்வெல் ஆழம், எடுத்த தேதி ஆகியவற்றை ஒட்டி, முடிந்தால் அன்றைக்கே வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். ‘சொட்டுநீருக்காக’ என்று சொல்லி, கார அமில நிலை, மின் கடத்தும் திறன், கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட், இரும்பு ஆகிய ஏழையும் கேட்டு வாங்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் பார்க்க வேண்டியவை இவை. கார அமில நிலை 7-க்குக் கீழே இருந்தால் படிவு அபாயம் குறைவு. 7 முதல் 8 வரை நடுத்தரம். 8-க்கு மேல் போனால் அதிகம். கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மி.கி வரை பிரச்னை குறைவு. 2,000 மி.கி-க்கு மேல் கடுமை. இந்த இரண்டையும்விட முக்கியமானது பைகார்பனேட். அது லிட்டருக்கு சுமார் 120 மி.கி-க்கு மேல் இருந்து, கார அமில நிலையும் 7.5-க்கு மேல் இருந்தால், சுண்ணாம்பு படியும் என்றே வைத்துக்கொள்ளலாம். இரும்பு 1.5 மி.கி-க்கு மேல் இருந்தால் அது தனிப் பிரச்னை. அதற்கு, தண்ணீரைத் தொட்டியில் காற்றுப்படக் கொட்டி, இரும்பைத் தங்கவைத்த பிறகு பாய்ச்ச வேண்டும்.

ஒரே போர்வெல்லின் தண்ணீர் வருஷம் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறை, கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் ஒரு முறை எனப் பரிசோதிப்பது நல்லது. பக்கத்து நிலத்து அறிக்கையை வைத்துக்கொண்டு சொந்த நிலத்துக்குக் கணக்குப் போடக் கூடாது. பாலாற்று மணல் படுகையில் உள்ள கிணற்று நீரும், பாறையைத் துளைத்து எடுக்கும் நீரும் ஒன்றல்ல. ஏரித் தண்ணீர் அல்லது பண்ணைக்குட்டை நீர் கிடைக்கும் மாதங்களில் போர் தண்ணீருடன் கலந்து விட்டால், சுண்ணாம்பின் அளவு அந்த விகிதத்துக்குக் குறைந்துவிடும். ஆனால், குட்டை நீரில் பாசி வரும் என்பதால் மணல் வடிகட்டி அவசியம்.

‘‘ஆசிட் விடச் சொல்கிறார்கள். எவ்வளவு விடுவது என்று ஒவ்வொருவரும் ஓர் அளவு சொல்கிறார்கள். பயமாகவும் இருக்கிறது. சரியான முறை என்ன?’’

- விவசாயி, காஞ்சிபுரம் வட்டம்

பயப்படுவது நல்லதுதான். ஆனால், அளவு என்பது ஊருக்கு ஊர் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை. அவரவர் தண்ணீரே அதைச் சொல்லிவிடும்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் பாசனத் தண்ணீரை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைகளில் கிடைக்கும் 33 சதவிகித ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுத்து, ஒரு மில்லியாக விட்டுக் கலக்கி, ஒவ்வொரு முறையும் கார அமிலத் தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். தாளின் நிறம் 4-ஐக் காட்டும் வரை எத்தனை மில்லி ஆனது என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

உதாரணத்துக்கு, 10 லிட்டருக்கு 6 மி.லி ஆனது என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர்கள் 2,000 இருந்தால், மணிக்கு 8,000 லிட்டர் ஓடுகிறது. 15 நிமிடத்துக்கு 2,000 லிட்டர். இதற்குத் தேவையான அமிலம் 1,200 மி.லி, அதாவது 1.2 லிட்டர். வாளிக் கணக்கு மாறினால் இதுவும் மாறும்.

இனி செய்முறை. முதலில் ஃபில்டரையும் லேட்டரல் கடைசி மூடிகளையும் திறந்து அமைப்பை நன்றாக அலசிவிட வேண்டும். பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு அதில் மெதுவாக அமிலம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். மோட்டார் ஓடி எல்லா வரிசைகளிலும் அழுத்தம் சீரான பிறகு, வெஞ்சுரி வழியாக அந்தக் கரைசல் 15 நிமிடத்தில் உறிஞ்சப்படும்படி வால்வைத் திருப்பி வைக்க வேண்டும். இரும்பு ஃபில்டர், இரும்புத் தொட்டி இருந்தால் அவற்றைத் தாண்டிய பிறகே அமிலம் சேர வேண்டும். இல்லாவிட்டால் உப்பு கரைகிறதோ இல்லையோ, இரும்பு கரையும்.

கடைசி லேட்டரல் முனையில் கார அமிலத் தாளைக் காட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் 4 வந்துவிட்டால் மோட்டாரை நிறுத்தி, அமைப்பை 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும். மறுநாள் ஃபிளஷ் வால்வைத் திறந்து, பிறகு லேட்டரல் முனைகளை நான்கு நான்காகத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும் வரை அலசி வெளியேற்ற வேண்டும். ஒரே நேரத்தில் எல்லா முனைகளையும் திறந்தால் வேகம் இருக்காது. கரைந்த கசடு உள்ளேயே தங்கிவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதும் இந்த 4 என்ற நிலையும், 24 மணி நேர ஊறலும்தான். முடிந்ததும் மறுபடி 15 நிமிடப் பாத்திரச் சோதனையைச் செய்தால், எவ்வளவு மீண்டது என்பது தெரிந்துவிடும்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, காலணி வேண்டும். காற்று வீசும் திசைக்கு எதிரே நிற்கக் கூடாது. பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். தோலிலோ கண்ணிலோ பட்டால், உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108-க்கு அழைத்துவிட வேண்டும். மீதமான ஆசிட்டைக் குடிநீர் பாட்டிலிலோ, குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி மாட்டுக் கொட்டகையில் வைக்கும் பழக்கம் அறவே கூடாது. தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும்.

இன்னொன்று, உயிரோடு சம்பந்தப்பட்டது. பாசிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். பாசிக்கான சிகிச்சை, லிட்டருக்கு 2 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் அரை மணி நேரம் விட்டு, 24 மணி நேரம் கழித்து அலசுவது. அதை வேறொரு நாளில், வேறொரு வாளியில், அமைப்பை முழுவதும் அலசிய பிறகே செய்ய வேண்டும்.

‘‘இயற்கை விவசாயம் செய்கிறேன். ஆசிட் விட்டால் மண்புழு செத்துவிடாதா? மோர், வினிகர் விடலாமா? குழாயில் காந்தம் மாட்டினால் உப்பு படியாது என்று ஒருவர் விற்க வருகிறார். வாங்கலாமா?’’

- வாசகர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்

மேலே சொன்ன அளவில் விடப்படும் அமிலத்தின் பெரும்பகுதி, தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டை மாற்றுவதிலேயே செலவாகிவிடும். ஒரு ஏக்கருக்கு ஒன்றிரண்டு லிட்டர் என்பது, சுண்ணாம்பு நிறைந்த மண்ணைப் புளிக்க வைக்கும் அளவு இல்லை. ஆனால், அலசும்போது வரும் முதல் தண்ணீரை வேர்ப் பகுதியில் விடாமல் வரப்போரம் வெளியேற்ற வேண்டும். நட்டு சில நாள்களே ஆன நாற்றுகள் இருக்கும்போது இதைத் தவிர்க்கலாம்.

இயற்கை விவசாயச் சான்று பெற்றவர்கள், எந்த அமிலமாக இருந்தாலும் சான்று தரும் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சிட்ரிக் அமிலம் கையாள எளிது. ஆனால், அதே வேலைக்குக் கிலோ கணக்கில் தேவைப்படும் என்பதால் செலவு கூடும். வினிகர் பரிசோதனைக்குச் சரி. ஒரு ஏக்கர் குழாய்க்குக் கட்டுப்படியாகாது. மோர் விடவே கூடாது. அது புளிப்பாக இருந்தாலும், குழாய்க்குள் பாக்டீரியாவுக்குத் தீனியாகி, சுண்ணாம்போடு வழுவழுப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். ஜீவாமிர்தம் விடுபவர்கள் துணியில் இரண்டு முறை வடிகட்டி விட்டு, கடைசி 20 நிமிடம் வெறும் தண்ணீர் ஓடவிட வேண்டும்.

காந்தம் மாட்டும் கருவிகளைப் பற்றி உலகம் முழுவதும் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளையே தந்திருக்கின்றன. விற்பவர் உறுதியாகச் சொன்னால், ஒரு சப்-மெயினுக்கு மட்டும் மாட்டி, மாட்டாத சப்-மெயினோடு 15 நிமிடப் பாத்திரக் கணக்கில் ஆறு மாதம் ஒப்பிட்டுப் பார்த்துப் பணம் தருவதாகச் சொல்லலாம். அதற்குச் சம்மதிக்கிறாரா என்பதிலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

காசு செலவில்லாத தடுப்பு வழிகளும் உண்டு. அதிகாலையிலோ மாலையிலோ பாய்ச்சினால் குழாய் நீர் சூடாவது குறையும். லேட்டரலை மூடாக்குக்குக் கீழே போட்டால் டிரிப்பர் வாயில் ஆவியாவது குறையும். கால்சியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட் அல்லது சல்பேட் உரங்களையும் ஒரே தொட்டியில் கரைக்காமல் இருந்தால், செயற்கையாகப் படிவு உண்டாகாது. புதிய உரம் எதுவானாலும், விடப்போகும் அளவுக்குக் கண்ணாடி டம்ளரில் பாசன நீரில் கரைத்து ஓர் இரவு வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் கலங்கியிருந்தாலோ, அடியில் தங்கியிருந்தாலோ அந்த உரம் அந்தத் தண்ணீருக்கு ஆகாது.

‘‘பக்கத்து அரிசி ஆலையில் பாய்லருக்கு சாஃப்ட்னர் வைத்திருக்கிறார்கள். அதில் வரும் தண்ணீரில் உப்பே படிவதில்லை என்கிறார்கள். தோட்டத்துக்கும் அதுபோல ஒன்று வைத்துவிட்டால் ஆசிட் வேலையே இல்லையே?’’

- விவசாயி, வாலாஜாபாத்

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் காசைப் போட்டால், குழாய் பிழைக்கும்; நிலம் கெடும்.

பாய்லரின் கதை வேறு. அதில் தண்ணீர் நீராவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். உப்பு மட்டும் உள்ளேயே தங்கும். மணிக்கு மணி உப்பு கெட்டியாகும். குழாயின் மேல் படியும் சுண்ணாம்பு ஓடு, நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே போர்வை போர்த்தியதுபோல் நிற்கும். தண்ணீர்ப் பக்கம் 1 மி.மீ ஓடு படிந்தாலே எரிபொருள் செலவு 5 முதல் 8 சதவிகிதம் வரை கூடும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ தரும் கணக்கு. உமி எரிக்கும் ஆலைக்கு அது வெறும் உமிக் கணக்கு மட்டும் இல்லை. தண்ணீரின் குளிர்ச்சி படாத குழாய் பழுக்கக் காய்ந்து, ஒருநாள் வெடித்தும் விடலாம். அதனால்தான் ஆலைகள் தண்ணீரை முதலில் சாஃப்ட்னரில் விட்டு, பிறகு படிவு தடுக்கும் ரசாயனம் சேர்த்து, உள்ளே கெட்டியான தண்ணீரை அவ்வப்போது ‘புளோ டவுன்’ செய்து வெளியேற்றுகின்றன.

சாஃப்ட்னருக்குள் இருப்பது பிசின் மணிகள். அவை தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் களைத்ததும் சாதாரண உப்புக் கரைசலால் கழுவி மறுபடி தயார் செய்கிறார்கள். உப்பு போகவில்லை, ஓர் உப்பு போய் இன்னோர் உப்பு வந்திருக்கிறது. சோடியம் பாய்லரில் ஓடு கட்டாது என்பதால் ஆலைக்கு அது லாபம்.

மண்ணுக்கு அது நேர் எதிர். சோடியம் கூடினால் களிமண் துகள்கள் பிரிந்து, ஈரத்தில் சேறாகவும் காய்ந்ததும் கட்டாந்தரையாகவும் ஆகும். வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. களர் நிலத்தைச் சீர்திருத்த விவசாயிகள் ஜிப்சம் போடுவது எதற்காக? கால்சியத்தைக் கொடுத்துச் சோடியத்தை வெளியேற்றத்தான். சாஃப்ட்னர் தண்ணீரைப் பாய்ச்சுவது, அந்த வேலையைத் தலைகீழாகச் செய்வது. தோட்டத்தில் கால்சியம் எதிரி இல்லை. அது டிரிப்பரில் தங்காமல் மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அமிலம் அதைச் செய்கிறது, சாஃப்ட்னர் செய்வதில்லை.

அதேபோல், ஆலையின் சாஃப்ட்னர் கழுவிய நீர், பாய்லர் புளோ டவுன் நீர், ஆர்.ஓ கழிவு நீர் ஆகியவற்றை ‘சும்மா கிடைக்கிறதே’ என்று வயலுக்கோ, ஏரி வாய்க்காலுக்கோ திருப்பிவிடக் கூடாது. அவை உப்பை வடிகட்டி ஒன்று சேர்த்த தண்ணீர். ஏரியில் சேர்ந்தால் ஆயக்கட்டு முழுவதும் அதன் பலனை அனுபவிக்க வேண்டியிருக்கும். ஆய்வு அறிக்கையில் ‘எஞ்சிய சோடியம் கார்பனேட்’ லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் இருந்தால், சாஃப்ட்னர் இல்லாமலேயே அந்தத் தண்ணீர் மண்ணைக் கெடுக்கும் வகை. அப்படிப்பட்ட நிலத்துக்கு ஜிப்சம் எவ்வளவு என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டு இட வேண்டும்.

‘‘காஞ்சிபுரத்தில் குடும்பமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறோம். கொஞ்சம் நிலமும் இருக்கிறது. போர் தண்ணீருக்கு மாறிய பிறகு நூலில் வெள்ளைத் திட்டு வருகிறது. சாயம் சீராக ஏறுவதில்லை. இதற்கும் அதே உப்புதான் காரணமா?’’

- வாசகர், பிள்ளையார்பாளையம்

அதே சுண்ணாம்புதான். கச்சாப் பட்டு நூலின் எடையில் நான்கில், ஐந்தில் ஒரு பங்கு செரிசின் என்ற பசை. சோப்பும் சோடாவும் கலந்த, கொதிநிலையை நெருங்கிய நீரில் வேகவைத்து அந்தப் பசையை எடுத்த பிறகுதான் பட்டுக்குப் பளபளப்பும் வழவழப்பும் வருகின்றன. கடினத் தண்ணீரில் சோப்பைப் போட்டால், கால்சியம் அந்தச் சோப்பைப் பிடித்துத் திப்பியாக்கிவிடும். அந்தத் திப்பி நூலில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் சாயம் ஏறாது. பாலாற்று நீரில் சாயம் போட்டால்தான் பட்டு மின்னும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதை, தண்ணீரின் கடினத்தன்மையோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம்.

எளிய தடுப்பு முறை ஒன்று உண்டு. நூலைப் போடுவதற்கு முன்பே தண்ணீரைக் கொதிக்கவைத்து, சோடாவை மட்டும் கரைத்து, ஆறவிட்டுத் தெளியவைக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே உள்ள தெளிந்த நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அதில் சோப்பும் நூலும் போட வேண்டும். இப்படி மாற்றாமல் ஒரே அண்டாவில் எல்லாவற்றையும் போட்டால், பிரிந்து வரும் சுண்ணாம்பு நூலின் மேலேயே படியும்.

இதைவிடச் சிறந்தது மழை நீர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 100 மி.மீ மழை பெய்தால், சுமார் 9,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதில் சுண்ணாம்பு அறவே இல்லை என்றே சொல்லலாம். தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது எல்லா வீடுகளிலும் போட்ட குழாய், பெரும்பாலும் தண்ணீரை மண்ணுக்குள் விடுகிறது. முதல் மழையைக் கழித்துவிட்டு, அடுத்தடுத்த மழைகளை ஒரு மூடிய தொட்டிக்குத் திருப்பினால், பசை எடுக்கவும் கடைசி அலசலுக்கும் அதைப் பயன்படுத்தலாம். வருஷம் முழுவதும் வேலை நடக்கும் பட்டறைக்கு சாஃப்ட்னர் பொருத்தமானது. தோட்டத்துக்குக் கூடாது என்றது, சாயத் தொட்டிக்குப் பொருந்தாது. ஆனால், ஒரே வீட்டில் பட்டறையும் நிலமும் இருப்பதால் ஒரு கவனம் தேவை. சாஃப்ட்னர் கழுவிய நீரையும் சாயக் கழிவையும் கொல்லைப்புறத் தென்னைக்குக்கூட விடக் கூடாது.

சொட்டுநீர் அடைப்பு பற்றி இனி கேள்வி அனுப்பும் வாசகர்கள், தண்ணீர் ஆய்வு அறிக்கையின் நகல், டிரிப்பர் வகை, 15 நிமிடத்தில் மூன்று இடங்களில் கிடைத்த தண்ணீரின் அளவு ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால், அவரவர் நிலத்துக்கான அமிலக் கணக்கோடு பதில் வெளியாகும்.